குல்மார்க்கை விழுங்கும் பூ

தங்மார்க்கிலிருந்து பைன் காட்டுக்குள் 13 கி.மீ. வளைந்து ஏறும் சாலை, சட்டென்று ஒரு பெரும் புல்வெளியில் போய் முடிகிறது. உயரம் சுமார் 8,700 அடி. குல்மார்க் என்றால் பூக்களின் புல்வெளி. ஜூன் கடைசியில் வருகிறவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் நடுவட்டமும் வெள்ளை இதழ்களுமாகச் சரிவெங்கும் பூக்கள். தேனிலவு ஜோடிகள் அதற்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தாவரவியல் படித்தவர்கள் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். இது காஷ்மீரத்துப் பூவே அல்ல. ஐரோப்பாவின் ஆக்ஸ்-ஐ டெய்சி. தோட்ட அழகுக்காக வந்து, வேலி தாண்டி, காஷ்மீரைத் தொல்லைப்படுத்தும் அந்நியக் களைகளில் ஒன்றாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய இதே முகத்தோடு இன்னொரு வெள்ளைப் பூவும் காஷ்மீருக்கு வந்தது. அது பைரித்ரம். இரண்டையுமே ஒருகாலத்தில் செவ்வந்தி இனத்தில்தான் சேர்த்திருந்தார்கள். பைரித்ரத்தின் சொந்த ஊர் இன்றைய குரோஷியாவின் கடற்கரை. அதன் உலர்ந்த பூவின் பொடி பூச்சிகளைக் கொல்லும். கொசுவர்த்திச் சுருள் ஜப்பானில் பிறந்ததே இந்தப் பூவால்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வரத்து நின்றதும் இதற்கு ஏகப்பட்ட கிராக்கி. காஷ்மீர் வயல்களிலும் பயிரிட்டார்கள். பிறகு டி.டி.டி. வந்தது, மவுசு குறைந்தது.

இலையைப் பார்த்தால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். பைரித்ரத்துக்குச் சாம்பல் பூத்த, நுணுக்கமாகப் பிளவுபட்ட இலை. டெய்சிக்குக் கரும்பச்சையில், கரண்டி வடிவத்தில், ஓரம் பல் பல்லாக. குணமும் வேறு. பைரித்ரம் சவலைப்பிள்ளை. நாற்று மெதுவாக வளரும், தண்ணீர் தேங்கினால் அழுகும், களை எடுக்காவிட்டால் அமுங்கிப்போகும். வயலை விட்டு ஓடி மலையைப் பிடித்ததாக அது பேர் எடுக்கவில்லை. இயற்கைப் பூச்சிக்கொல்லிக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கும் நாளில், அதைப் புது மலைகளில் நடுகிறவர்கள் வயல் வரப்பையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. பல ஆண்டு வாழும் செடி, விதையும் விடுகிறது. உறவுக்காரன் செய்திருக்கும் வேலை வேறு கண்ணெதிரே இருக்கிறது.

அந்த உறவுக்காரன் சாமானியன் அல்ல. செழித்த செடி ஒன்று 26,000 விதை வரை தரும். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். குதிரைக் குளம்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய சேற்றோடு அடுத்த சரிவுக்குப் போகும். சாலைக்கும் ஓட்டலுக்கும் தோண்டிய மண் அதற்கு விரித்த பாய்.

நஷ்டம் யாருக்கு? கோடையில் எருமைகளோடும் ஆடுகளோடும் மலையேறும் குஜ்ஜர், பக்கர்வால் இடையர்களுக்கு இந்த உயரத்துப் புல்தான் சோறு. ஆடு டெய்சியைக் கடிக்கும். மாடு ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் புல்லை மேயும். ஆக, களைக்கு இன்னும் இடம். தப்பித்தவறி மாடு தின்றால் பாலில் வாடை வரும். பூ கூடக்கூட மேய்ச்சல் குறைகிறது. பழைய காட்டுப்பூக்களும் ஒதுங்குகின்றன.

விதை முற்றுவதற்குள் அறுத்தால் பரவுவது குறையும். ஆனால் அந்த வேளை, பூ பொங்கி நிற்கும் சீசனின் உச்சம். படம் எடுக்க வந்தவர்கள் முன்னால் யார் அரிவாளை எடுப்பது? அறுத்தாலும், மண்ணுக்கடியில் ஓடும் தண்டு மறுபடி துளிர்க்கும்.