சொந்தச் செலவில்

போன வருஷம் தை பிறப்பதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். என் கவுண்டருக்கு முன்னால் ஒரு கிழவி டெபாசிட் ரசீதை நீட்டிக்கொண்டு நின்றாள். முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. 'இதை முறிச்சுக் குடுத்துரு சாமி, ஆல்பம் போடணும்' என்றாள். சேத்தூரில் ஆல்பம் என்றால் கல்யாணப் போட்டோ ஆல்பம்தான். பேத்திக்குக் கல்யாணமா என்று கேட்டேன். 'பேத்தி என்ன பேத்தி, எனக்குத்தேன். பாட்டு ஆல்பம்' என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுத நேர்ந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

அவள் எனக்குப் புதியவள் அல்ல. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, கண்மாய்க்கரையை ஒட்டிய அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று பதினான்கு பாட்டுகளைக் கைபேசியில் பதிவு செய்திருக்கிறேன். நண்பர்கள் சிலருக்கு அனுப்பினேன். 'அசல்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டவர்கள் உண்டு. அந்த அசலைப் பெற நான் செய்த காரியங்களை அவர்களுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் டிவியை அணைக்கச் சொன்னேன். ஒரு பாட்டின் நடுவே சினிமா மெட்டு ஒன்று எட்டிப்பார்த்தபோது நிறுத்தி, 'அது வேண்டாம்மா, பழசு பாடுங்க' என்றேன். அவள் பழசு பாடினாள். கேட்டதைப் பாடிப் பழகிய தொண்டை.

ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடை ஒன்றின் பின்னறையில் ஸ்டுடியோ. ஒன்பது பாட்டு. கீபோர்டு, ரிதம் பேட் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் பேசியிருந்தாள். முன்கூட்டி முடித்தால் வட்டி குறையும் என்று விளக்கினேன். யாராவது ஆசை காட்டி ஏமாற்றுகிறார்களா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தேன். கடைசியில் என் துருப்பை இறக்கினேன்: 'எதுக்கும்மா செலவு? நான் பதிஞ்சது பதினாலு பாட்டு இருக்கே, அதையே போட்டுத் தர்றேன்.' அவள் ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: 'அது ஒனக்குப் பாடுனதுல்ல.'

இந்த வாக்கியத்தை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வெறும் தகவல். ஆனால் நாட்டுப்பாடல் பற்றி நானும் என்னைப் போன்றவர்களும் வைத்திருக்கிற அபிப்பிராயங்களின் அடியில் அது கைவைக்கிறது. பாட்டு ஜனங்களுடையது, தானே ஊற்றெடுப்பது, பாடுகிறவள் அதன் வாய்க்கால் மட்டுமே என்று நாம் நம்புகிறோம். வாய்க்காலுக்கு விருப்பம் ஏது? யாருக்குப் பாடுகிறோம் என்கிற பிரக்ஞை கவிக்கு உண்டு, கிராமத்துப் பாட்டுக்காரிக்குக் கிடையாது என்பது நம் சௌகரியமான முடிவு.

யாருக்குப் பாடுவது, யார் காசில் பாடுவது என்பது இந்த மண்ணில் புதிய கேள்வி அல்ல. சேற்றூர் என்று புலவர்கள் எழுதிய இதே ஊரின் ஜமீனில் கவிராயர்கள் பரம்பரையாக இருந்தார்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இங்கே வந்து இராமசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டவர். பிறகு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தார். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச் சிந்து, காவடி சுமக்கிறவனின் நடையிலிருந்து தன் தாளத்தை எடுத்துக்கொண்டது. முப்பது வயதை எட்டாமலே போய்விட்ட அந்த மனிதரின் சிந்தில் முருகனும் இருக்கிறான், காவடிக்காரனும் இருக்கிறான், பக்கத்தில் கேட்டுக்கொண்டு நிற்கிற ஜமீன்தாரும் இருக்கிறார். இது சிந்துக்குக் குறையல்ல. பாட்டுக்குள் எப்போதும் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜமீன் போனபின் அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். 1963இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் வந்தது. கிராமத்துக் குரல்கள் கண்ணாடி அறைக்குள் போய், கடிகார முள்ளைப் பார்த்துப் பாடக் கற்றுக்கொண்டன. பின்னால் சினிமா வந்து கூப்பிட்டது. வானொலியில் பாடிவந்த கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்தார், பாடினார். அந்தக் குரலைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது, கதைக்கு வேண்டிய அளவுக்கு. 2025 ஜூனில் தொண்ணூற்றொன்பது வயதில் அவர் இறந்தபோது செய்திகள் நினைவூட்டியதும் அந்தப் படத்தைத்தான். இன்னொரு பக்கம் கே.ஏ. குணசேகரன், ஆராய்ச்சியும் பாட்டுமாக, குழு கட்டிக்கொண்டு மேடைகளிலும் ஒலிநாடாவிலும் பாடினார். இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் குரலில்தான் பலரையும் அடைந்தது. ஒலிநாடா மலிவாகக் கிடைத்த காலம் அது. பாட்டை யாரிடமும் கேட்காமல் ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. அங்கே உட்கார்ந்து கேட்டவர் இயக்கம். அவர் நல்ல கேட்பாளர், ஆனால் அவருக்கும் வேண்டிய பாட்டு, வேண்டாத பாட்டு உண்டு.

கடைசியாக வந்தவன் நான், கையில் கைபேசியும் ரசனையுமாக. காசு கொடுக்காமலே புரவலனாகிவிட்டவன். டிவியை அணைக்கச் சொல்லும் உரிமையை எனக்குத் தந்தது யார் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

இதில் எனக்கே வெட்கமாக இருக்கிற ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் பி.ஏ. படித்த வாசனையில் நான் பல வருஷங்களாகக் கேட்டுவருகிற அமெரிக்கப் பாடகர் ஜான் ப்ரைன். கிராமியமும் 'கன்ட்ரி'யும் கலந்த பாட்டு. சிகாகோவின் புறநகரில் தபால்காரராக இருந்தவர், பை சுமந்து நடந்தபடியே பாட்டுக் கட்டியவர். 1971இல் பெரிய கம்பெனி ஒன்று அவருடைய முதல் தட்டைக் கொண்டுவந்தது. பத்து வருஷத்தில் பெரிய கம்பெனிகள் அலுத்துப்போய், 1981இல் நண்பர்களோடு சேர்ந்து 'ஓ பாய்' என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த தட்டுக்கான செலவை ரசிகர்கள் முன்கூட்டியே தபாலில் அனுப்பினார்கள். 1984இல் தட்டு வந்தது. பெட்டிக்குள் இன்னும் பிறக்காத பாட்டுக்காக வந்த காசு. வங்கி எழுத்தன் என்ற முறையில் இதைவிட அழகான முன்பணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவையும் கதிர்சிகிச்சையும் முடிந்தபின் குரல் இறங்கிக் கரகரத்துவிட்டது. 2013இல் நுரையீரலில் ஒரு அறுவை. அதற்கும் பிறகு, 2018இல், எழுபத்தொரு வயதில், சொந்தக் கம்பெனியிலேயே புதுப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். புதிதாக எழுதிய பாட்டுகளின் தொகுப்பு வந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாட்டை முடிக்கச் சொல்லி, அரைகுறையாக எழுதிப்போட்ட தாள்கள் நிறைந்த பெட்டிகளோடு வீட்டார் அவரை ஒரு ஓட்டலில் குடிவைத்தார்களாம். மறுபடி தேய்ந்த அந்தக் குரலில் இளமையின் குரலுக்குக் கைகூடாத ஒரு நிதானம் இருக்கிறது. சாவைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல் விசாரிக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. அந்த ஆல்பத்தை நான் எத்தனை பேரிடம் புகழ்ந்திருக்கிறேன்! 'யாருடைய தயவும் இல்லாமல், தேய்ந்த குரலை மறைக்காமல், சொந்தக் காசில்' என்று. அதே காரியத்தை சேத்தூர்க் கிழவி செய்யப் புறப்பட்டபோது, ஏமாற்றுகிறார்களா என்று விசாரித்தேன். நாஷ்வில்லில் சுதந்திரம், ராஜபாளையத்தில் ஏமாளித்தனம்.

மாசி கடைசியில் அவள் வந்து கவுண்டரின் இடைவெளி வழியே ஒரு பென்டிரைவை உள்ளே தள்ளினாள். 'கேட்டுட்டுச் சொல்லு சாமி.' அன்று இரவே கேட்டேன்.

முதலில் விமர்சகன் கேட்டான். அவன் சொன்னவை பொய்யல்ல. கீபோர்டு ஓயாமல் குறுக்கே பேசுகிறது. ரிதம் பேடின் அடி எல்லாப் பாட்டுக்கும் ஒரே அடி. அவளுடைய இழுப்புகள் அந்தக் கட்டத்துக்குள் மூச்சுமுட்டுகின்றன. குரலின் மேல் அளவுக்கு மீறி எதிரொலி பூசியிருக்கிறார்கள். இரண்டு பாட்டுகள் சினிமா மெட்டிலேயே இருக்கின்றன. நான் பதிவு செய்த பதினான்கில் ஒன்றுகூட இல்லை. ஒப்பாரி கிடையவே கிடையாது.

நாலாவது பாட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது மில் பாட்டு. ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதில் தொடங்குகிறது. இழை அறுந்து அறுந்து போக, அதைப் பிணைத்துப் பிணைத்து விடியும் வரை நிற்கிற கால்கள். தலையில் பூவுக்குப் பதிலாகப் பஞ்சு. விடிந்து வீட்டுக்கு வந்தால், தாயை அடையாளம் தெரியாமல் அழுகிற பிள்ளை. மெட்டு சினிமாவுடையது. நான் திண்ணையில் நிறுத்தச் சொன்ன அதே மெட்டு.

மறுநாள் விசாரித்தேன். இருபத்திரண்டு வருஷம் ராஜபாளையம் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்த்திருக்கிறாள். நடவுக்குப் போனது கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம். 'இதை நீங்க அன்னைக்கே சொல்லலையே' என்றேன். 'நீ நடவுப் பாட்டுல்ல கேட்டே' என்றாள். வயல்காட்டில் அவள் வாழ்க்கையைத் தேடிய நான், அந்த வாழ்க்கை நின்ற இடத்தைக் கேட்கவே இல்லை. மில்லில் பாடினால் அது நாட்டுப்பாடல் ஆகாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. என் காதில் எழுதியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. கும்மிப் பாட்டு ஒன்றில் பின்பாட்டு வருகிறது. நாலைந்து பெண்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வதுபோல் கேட்கிறது. கூர்ந்து கேட்டால் எல்லாம் அவள் குரல்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அவளையே ஐந்து முறை பாடவைத்துப் பதிந்திருக்கிறார்கள். கூட்டுப்பாட்டை ஸ்டுடியோ கொன்றுவிடும் என்று நம்பியவன் நான். யார் யோசனை இது என்று கேட்டேன். 'என்கூடப் பாடுன பொம்பளைக எல்லாம் போய்ச் சேந்துட்டாளுக. நாந்தேன் அவளுக எடத்துலயும் நின்னு பாடுறேன்னேன். அந்தப் பையன் முடியும்னான்.' ஒரு குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது. அது அவளுடைய நாத்தனார் பாடும் விதமாம். எப்போதும் ஒரு அடி தாமதிப்பாளாம். இறந்தவளின் தாமதத்தைக்கூட விடாமல் பதிந்திருக்கிறாள். திண்ணையில் என் கைபேசிக்கு முன்னால் அவள் தனியாகப் பாடினாள். பின்னறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு பாடியிருக்கிறாள்.

இதனால் அந்த ரிதம் பேட் நன்றாகிவிடவில்லை. இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எரிச்சலுக்கு நான் முன்பு கொடுத்திருந்த அந்தஸ்தை இப்போது கொடுப்பதில்லை. பரிசுத்தம் என்று விமர்சகன் கேட்பதும் ஜமீன்தார் கேட்டதைப் போன்ற ஒரு நேயர் விருப்பம்தான். தன் காசைத் தானே போட்டவளுக்கு அதை நிறைவேற்ற வேண்டிய கடமை இல்லை. கேட்டதைப் பாடிப் பழகிய தொண்டை, கேட்க ஆளில்லாத அறையில் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் அவளுடைய சிருஷ்டி இருக்கிறது. அதைக் கேட்க எனக்குக் காது போதவில்லை.

சொந்தச் செலவு என்பது நமக்குத் தெரியாத விஷயமும் அல்ல. 1959இலிருந்து 1970வரை 'எழுத்து'வை நடத்திய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். நாமோ அதை இன்றுவரை தவம் என்று சொல்கிறோம். இந்தப் பத்திரிகையின் சந்தாவை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, வருமா வராதா என்று தெரியாமல் காத்திருக்கிறவர்கள் நாம். இன்னொருத்தி தன் டெபாசிட்டை முறித்தால் மட்டும் நமக்கு வட்டி நஷ்டம் ஞாபகம் வருகிறது.

ஆல்பம் எப்படி விற்றது என்று கேட்பவர்களுக்கு: விற்கவில்லை. இருபது பென்டிரைவ் போட்டாள். மினிபஸ் டிரைவர் ஒருவர் இரண்டு வாங்கினார். மற்றவை சொந்தக்காரர்களுக்கும், பழைய மில் தோழிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போயின. ஒரு மாதம் கழித்து பென்ஷன் வாங்க வந்தவள், 'கேட்டியா, எப்டி இருக்கு?' என்றாள். நான் எதையோ யோசித்துக்கொண்டு, ரிதம் பேடையும் சொல்லாமல், பின்பாட்டையும் சொல்லாமல் தயங்கினேன்.

'பிடிக்காட்டி அடுத்தாளுக்குக் குடுத்துரு சாமி' என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணத் தொடங்கினாள்.

இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.