எழாத கணினியும் ஏழாந் தூணும்

விழா மலருக்குக் கல்லூரி நினைவு ஒன்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆசிரியர் புகழையோ துடுப்பாட்ட வெற்றியையோ எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத என்னினும் வல்லார் பலர் உளர். யான் எழுதப் புகுவது, 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் வீட்டு விறாந்தையில் உயிர்பெற மறுத்த ஒரு கணினியைப் பற்றி. அது கல்லூரிக்கு எவ்வாறு உரியது என்பது போகப் போகப் புலனாகும்.

என் பேரன் உயர்தரப் பரீட்சை எழுதியபின், அயலிலுள்ள சிறுவர்க்குக் கணிதஞ் சொல்லிக்கொடுத்து ஓராண்டாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, மேசைக் கணினி ஒன்றைத் தானே பூட்டுவதெனத் துணிந்தான். கடையிற் பூட்டியதை வாங்கினால் என்ன என வினவினேன். அதே விலைக்குத் தான் பூட்டினால் இன்னுந் திறமானது வரும் என்றான். உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன: ரைசன் 5 5600ஜி என்னும் செயலி, மதர்போட் எனப்படும் தாய்ப்பலகை, றாம் கீற்றுகள் இரண்டு, பவர் சப்ளை என்னும் மின்வழங்கி, கடைக்காரர் கேசிங் என்று வழங்கும் இரும்புக் கூடு. திரைக்குப் படமனுப்பும் சுற்று அச்செயலியினுள்ளேயே அடங்கியிருத்தலால் அதற்கெனத் தனி அட்டை வேண்டியதில்லை. மின்வழங்கியை மட்டும் மலிவானதாக வாங்கிச் சிறிது பணம் மீதப்படுத்தலாமே என்று யான் சொல்ல, அவன் இணங்கவில்லை. பிடிவாதக்காரன் என எண்ணிக்கொண்டேன்.

யானும் வாளா இருந்தேனல்லேன். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்த காலத்தில், மிதிவண்டியை நிறுத்திவைத்து மிதித்து அதன் டைனமோவினால் வானொலி கேட்டவருள் யானும் ஒருவன். கம்பியுந் திருகாணியும் எனக்குப் பழகியவை என்னுஞ் செருக்கு என்னிடம் இருந்தது. ஆகவே கூட்டினுட் செய்யவேண்டிய முதல் வேலையை யானே ஏற்றேன். தாய்ப்பலகையை இரும்புத் தகட்டின்மேல் நேரே கிடத்தலாகாது. அதன் முதுகுப்புறத்திற் பற்றாசுப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வெறுமையாய் இருக்கும். அவை தகட்டைத் தொடின் மின் குறுக்கே பாயும். இதனைத் தடுத்தற்பொருட்டுச் சிறு பித்தளைத் தூண்களைத் தகட்டில் முடுக்கி, அவற்றின் தலைமேற் பலகையை வைத்துத் திருகாணியிடுவர். தூண்களை முடுக்கியவன் யான். ஏனைய எல்லாம் பேரன் பூட்டினான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. பொத்தானை அழுத்தினான். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மீண்டும் அழுத்தினான், ஒன்றுமில்லை. மின்வழங்கியின் ஆளியை அணைத்துச் சிறிது பொறுத்து மீளப் போட்டால், மறுபடியும் அந்த அரைச் சுற்று மாத்திரம்.

கணினியின் பொத்தான் மின்குமிழின் ஆளி போன்றதன்று. 230 வோல்ற்று வீட்டு மின்சாரம் வந்தவுடன் மின்வழங்கி 5 வோல்ற்றை மாத்திரம் சிறு அளவில் ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கும். பொத்தான் செய்வதெல்லாம் பலகையிலுள்ள இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைப்பதே. அதனை அறிந்த பலகை ஒரு தனிக் கம்பியின் வழியாக மின்வழங்கியைத் துயிலெழுப்பும். அது 3.3, 5, 12 வோல்ற்றுகளைத் தந்து, அவை நிலைகொண்டபின் 'நலம்' என ஒரு குறிப்பு அனுப்பும். அக்குறிப்பு வருமுன் செயலி வேலை தொடங்காது. எங்கேனுங் குறுஞ்சுற்று இருப்பின், நல்ல மின்வழங்கி அதனை உணர்ந்து தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். 1995 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ஏரிஎக்ஸ் அமைப்பின் வழிவந்த ஒழுங்கு இது. ஆதலின், அரைச் சுற்றோடு நின்ற விசிறி எமக்குச் செய்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்குஞ் செவிதான் என்னிடம் இல்லை.

"நீ அவசரப்பட்டிட்டாய். செயலியை அமத்தி வைச்சிருக்கிறாய், ஊசி முறிஞ்சிருக்கும்" என்றேன்.

"எல்லாம் பார்த்துத்தான் வைச்சனான், அப்பப்பா."

யான் விடவில்லை. அச்செயலியின் அடியில் 1331 ஊசிகள் உள. ஒன்று முறியினுங் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். பேரன் ஒன்றும் பேசாமல், செயலியும் ஒட்டிக்கொண்டு பிடுங்கப்படாதவாறு குளிர்விப்பானை மெல்லத் திருகித் தூக்கி, பசையைத் துடைத்து, கைவிளக்கின் ஒளியில் ஊசிகளை வரிசை வரிசையாகப் பார்த்தான். எல்லாம் நேராகவே நின்றன. எஞ்சியிருந்த பசையைப் பூசி மீண்டும் பூட்டினான். றாம் கீற்றுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தான். அதே அரைச் சுற்று. "பலகையைக் காலமை கடைக்குக் கொண்டுபோறன்" என்று மட்டுஞ் சொல்லி, உண்ணாமலே படுத்துவிட்டான். ஓராண்டு உழைப்பு அந்தக் கூட்டினுட் கிடந்தது. அதன்மேல் என் சொல்லுங் கிடந்தது.

எனக்கு உறக்கம் வரவில்லை. 1967 ஆம் ஆண்டின் பௌதிக ஆய்வுகூடம் கண்முன் வந்தது. மீற்றர்ப் பாலப் பரிசோதனை. எமது மேசையில் நால்வர். உயர்தடையைச் சேர்க்க மறந்து யான் சாவியை அழுத்த, கல்வனோமானியின் ஊசி ஓரத்திற் போய் அடித்தது. பின்பு அசையவே இல்லை. ஆசிரியர் வந்தார். அவர் முதலிற் சினந்தாரல்லர். சுற்று முழுவதையுங் கழற்றினார். கலம், சாவி, ஒரு தடை, வேறொரு கல்வனோமானி ஆகியவற்றை மாத்திரம் இணைத்து, ஊசி அசைவதைக் காட்டினார். பின்னர் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையுஞ் சாவியை அழுத்துவித்தார். எல்லாஞ் சேர்ந்தபின்பும் ஊசி அசைந்தது. "சுற்றிற் பிழையில்லை. சாவியை அழுத்தியது யார்?" என்றார். மேசை மௌனமாயிருந்தது. மற்ற மூவரும் என் பக்கம் பார்க்கவும் இல்லை. இரண்டு ரூபா தண்டம். தலைக்கு ஐம்பது சதம்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்தேன். பலகையைக் கூட்டிலிருந்து முற்றாகக் கழற்றி, அது வந்த காட்போட் பெட்டியின்மேல் வைத்தேன். செயலியுங் குளிர்விப்பானும் இருந்தபடியே இருக்க, ஒரேயொரு றாம் கீற்றை விட்டேன். மின்வழங்கியிலிருந்து 24 ஊசிக் கம்பியையும் செயலிக்குரிய 8 ஊசிக் கம்பியையும் செருகித் திரையை இணைத்தேன். வேறொன்றுமில்லை. திருப்புளியின் நுனியாற் பொத்தானுக்குரிய அவ்விரண்டு ஊசிகளையுந் தொட்டேன்.

விசிறி சுற்றியது, நிற்கவில்லை. அரை நிமிடஞ் சென்றபின் திரையில் எழுத்துத் தோன்றியது.

பிழை பலகையிலில்லை, செயலியிலில்லை. கூட்டிலேயே என்பது தெளிவாயிற்று. வெறுங் கூட்டினுள் விளக்கைப் பிடித்து எண்ணினேன். பலகையிலுள்ள துளைகள் ஆறு. தகட்டில் நின்ற தூண்கள் ஏழு. பல அளவுப் பலகைகளும் பொருந்துமாறு தகட்டில் துளைகளை மிகுதியாக இட்டிருக்கின்றனர். யான் வேண்டாத துளை ஒன்றிலுந் தூணை நாட்டிவிட்டேன். அது பலகையின் முதுகிற் குத்திக்கொண்டு நின்றிருக்கின்றது. திருகாணி ஒன்று மிஞ்சியதை மாலையிலேயே கண்டேன். உதிரியாக வைத்திருப்பர் என்று பைக்குள் இட்டுவிட்டேன்.

அத்தூணைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுப் பலகையை மீளப் பூட்டினேன். காலையிற் கணினி எழும். 'ஒரு கம்பி தளர்ந்திருந்தது' என்று சொன்னால் பேரன் ஐயுறான். ஆறாவது திருகாணியை முடுக்கும்வரை அவ்வெண்ணத்துடனேயே இருந்தேன் என்பதை இங்கு மறைக்கேன்.

விடிந்ததும் தூணை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இது ஏழாவது. நான்தான் பூட்டினனான். உன்னிலை ஒரு பிழையுமில்லை, தம்பி."

அவன் அதனை உருட்டிப் பார்த்தான். "பிறகு ஏன் நேற்று அப்பிடிப் பேசினனீங்கள், அப்பப்பா?" என்றான். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. சிறிது நேரங் கழித்து, "நல்ல பவர் சப்ளை எண்டபடியால் பலகை தப்பிச்சுது" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது. இக்கட்டுரையும் அக்கணினியிலேதான் அச்சேறுகின்றது, தட்டெழுதுபவன் அவன்.

அந்த மேசை நால்வரில் ஒருவர் இன்று இல்லை. மற்ற இருவரும், ஒருவர் ஊரிலும் ஒருவர் ரொறன்ரோவிலுமாக, இம்மலரை எப்படியும் படிப்பர். சாவியை அழுத்தியவன் யான் என்பதை அவர்கள் அன்றே அறிவர், வெளியிற் சொன்னதில்லை. தலைக்கு ஐம்பது சதம் என்னிடம் நிலுவை. விழாவன்று மண்டப வாயிலில் என்னைக் கண்டு பெற்றுக்கொள்ளலாம். வட்டியைப் பேரன் கணித்து வைத்திருக்கின்றான்.