காய்ச்சல் சொல்லும் சேதி

2019ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பகலில் நலமாக இருப்பார்கள். மஃரிபு தொழுது முடிக்கும் வேளையில் உடம்பு கணகணக்கும். அருகிலிருந்த மருத்துவர் தந்த மாத்திரையால் தணியும். மறுநாள் மாலை மீண்டும் வரும். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், துஆச் செய்தோம். ஒரு மாதம் இப்படியே கழிந்தது.

அந்நாட்களில் உம்மாவுக்கு முதுகுவலியும் இருந்தது. ஸுஜூது செய்ய இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழலானார்கள். வயதின் கோளாறு என்றெண்ணி எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவரிடம் காய்ச்சலைச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு மருந்து தந்தவரிடம் முதுகுவலியைச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, புறப்படுமுன் பாரசிட்டமால் கொடுத்துவிடுவோம். மருத்துவர் தொட்டுப் பார்க்கையில் சூடே இராது. பாதிச் சேதியைச் சொன்னவர்கள் நாங்கள். அவர்களைக் குறை கூறி என்ன பயன்?

பின்னர் பொது மருத்துவ நிபுணர் ஒருவரைக் கண்டோம். "மூன்று நாட்கள் காலை, மாலை, இரவு தெர்மாமீட்டர் வைத்து, நேரத்துடன் எழுதி வாருங்கள்" என்றார். காலையில் 98, மாலையில் 101 டிகிரி என்றிருந்த தாளைப் பார்த்தவர், உடல் மெலிந்ததா, இரவில் வியர்க்கிறதா, எங்கேனும் வலி உண்டா என்று வினவினார். அப்போதுதான் முதுகுவலியைச் சொன்னோம். எம்.ஆர்.ஐ. படமும் திசுப் பரிசோதனையும் உண்மையைக் காட்டின: முதுகெலும்பில் காசநோய்! இன்னும் தாமதித்திருந்தால் தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் செயலிழந்திருக்கக்கூடும்.

அன்று கற்ற பாடத்தைச் சகோதரிகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். காய்ச்சல் தனியொரு நோயன்று; உள்ளிருக்கும் நோயின் அறிகுறி. உடலின் வெப்பம் 100.4 டிகிரியை எட்டினால் காய்ச்சல் எனக் கொள்ளலாம். மூன்று நாட்களில் தணியாவிடில் மருத்துவரைக் காண வேண்டும். மூச்சுத் திணறலோ, வலிப்போ, நினைவுத் தடுமாற்றமோ கண்டால் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலுக்கு எந்த உறுப்பின் நிபுணர் தேவை என்று நாமே ஊகிக்கலாகாது. பெரியவர்களானால் பொது மருத்துவ நிபுணரிடமும், சிறுவர்களானால் குழந்தை மருத்துவரிடமும் முதலில் செல்வதே முறை. எவரிடம் அனுப்ப வேண்டுமென்று அவர் அறிவார்.

ஓராண்டுக்கு மேல் மருந்துண்ட உம்மா, அல்ஹம்துலில்லாஹ், இன்று நின்று தொழுகிறார்கள். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஷிபா அளிப்பவன் அல்லாஹ். மருத்துவரிடம் சேதியை முழுமையாகச் சொல்வது நம் பொறுப்பு.