ரயில் வராத ஊரின் ரயில் பைத்தியங்கள்

எங்க மீன்சுருட்டிக்கு ரயில் கிடையாது. ரயில் சத்தம் கேக்கணும்னா டிவிதான் போடணும். ஆனா மேப்பை விரிச்சுப் பாத்தீங்கன்னா ஒரு வேடிக்கை இருக்கு. மேற்கே விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியா திருச்சி போற கார்டு லைன். கிழக்கேயும் தெற்கேயும் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர்னு ஊரைச் சுத்திக்கிட்டுப் போற மெயின் லைன். வடக்கே விருத்தாசலம் – கடலூர் லைன். இந்த மூணும் சேர்ந்து போட்ட வளையத்துக்கு நடுவுல நாங்க. கல்யாண வீட்டுல சுத்தியும் பந்தி நடக்குது, நமக்கு மட்டும் இலை போடலைங்கற மாதிரி :-)

அதனாலதானோ என்னவோ, இந்தப் பக்கம் ரயில் பைத்தியங்கள் கொஞ்சம் ஜாஸ்தி. மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில், அணைக்கரைன்னு அங்கங்க இருந்து பதினோரு பேர் சேர்ந்திருக்கோம். சங்கம், தலைவர், பொருளாளர் எதுவும் கிடையாது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் புடிச்சு அரியலூருக்கோ கும்பகோணத்துக்கோ போவோம். பத்து ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட். ரெண்டு மணி நேரம் செல்லும். பிளாட்பாரக் கோடியில இருக்கற பெஞ்சுல உக்காந்து வர்ற வண்டி, போற வண்டி பாக்கறது, எஞ்சின் நம்பர் குறிக்கறது, டீ குடிக்கறது. முடிஞ்சா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வீடு. "ரயில் ஏறாம ரயில்வே ஸ்டேஷன் போற ஒரே மனுஷன் நீங்கதான்"னு வீட்டம்மா சொல்றது உண்மைதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பதினோரு பேர்னு சொன்னேன் இல்லையா, அதுல வாயைத் திறக்கறது மூணு பேர்தான். (நான் அந்த மூணுல ஒருத்தன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.) மிச்ச எட்டு பேர் வருவாங்க, சிரிப்பாங்க, டீக்கு காசு கொடுக்க முந்துவாங்க, கிளம்பிடுவாங்க. போன வருஷக் கடைசியில எண்ணிப் பாத்தா எட்டு, நாலாயிருந்தது. சண்டை ஏதும் இல்ல. ஒருத்தர்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். "நீங்கள்லாம் டெக்னிக்கலா பேசறீங்க தம்பி, நமக்கு என்ன தெரியும், சும்மா வேடிக்கை பாக்கறவன்"னாரு.

வேடிக்கை பாக்கறதுதானே இந்தப் பொழுதுபோக்கே! அதுக்கு மேல என்ன தகுதி வேணும்?

ஆனா அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. வெளியில இருந்து பாக்கறவனுக்கு இது ஒரு மந்திர பாஷை மாதிரிதான் தெரியும். எஞ்சின் மேல டபிள்யூ.ஏ.பி.-7ன்னு எழுதியிருக்கும். விளங்காதவரைக்கும் பயமா இருக்கும், விளங்கிட்டா அஞ்சு நிமிஷ சமாச்சாரம். டபிள்யூன்னா அகலப்பாதை. ஏன்னா மாறுதிசை மின்சாரம். பின்னா பயணிகள் வண்டி இழுக்கறது. ஏழுங்கறது மாடல். அகலப்பாதைக்கு டபிள்யூ மாதிரி மீட்டர்கேஜுக்கு ஒய். அதனாலதான் அந்தக் காலத்து மீட்டர்கேஜ் டீசல் ஒய்.டி.எம்.-4, அதுக்கும் முன்னாடி புகைவண்டி ஒய்.பி. டிரைவர் கேபினுக்குப் பக்கத்துல எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்ததுன்னு எழுதியிருப்பாங்க. அது ராயபுரமா, ஈரோடா, அரக்கோணமா, பொன்மலையான்னு பாத்துட்டா ஆட்டத்துல பாதி முடிஞ்சுது. அவ்வளவுதாங்க மந்திரம். இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் கொடுக்காம, தெரிஞ்சவங்க மூணு பேர் தங்களுக்குள்ள பேசிக்கிட்டா நாலாவது ஆள் என்ன பண்ணுவார்? மொபைலைத்தான் பாப்பார்.

எங்க கூட்டத்துல ஒரு எஞ்சின் புலி இருக்கார். நல்ல மனுஷன், தங்கமான மனுஷன். ஆனா யாராவது தப்பாச் சொல்லிட்டா தாங்காது அவருக்கு. ஒரு தடவை ஒரு காலேஜ் பொண்ணு அப்பாவோட வந்திருந்தது. வந்த வண்டியைப் பாத்து "அங்கிள், டீசல் எஞ்சின் சூப்பர்"னுச்சு. மேலே கம்பியைத் தொட்டுக்கிட்டு நிக்குது எஞ்சின், அது டீசல் இல்லதான். நம்ம புலி கரெண்ட் கம்பியில ஆரம்பிச்சு டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் பத்து நிமிஷம் பாடம் எடுத்தார். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வரலை. அப்பாவும் வரலை. பாடம் சரியான பாடம்தான், அதுல குத்தம் இல்ல. முதல் நாளே வேணுமாங்கறதுதான் கேள்வி. "சூப்பர்"னு சொன்னதுக்கு "ஆமாம்மா"ன்னு சொல்லிட்டு, அடுத்த மாசம் மேலே கம்பியைக் காட்டியிருந்தா போதும்.

இன்னொண்ணு கேமரா பயம். ரயில் ரசிகன்னா பெரிய லென்ஸ் வச்ச கேமரா வேணும்னு ஒரு நினைப்பு. கேமராவைத் தூக்கினா "பெர்மிஷன் இருக்கா?"ன்னு யாராவது வந்து நிப்பாங்களோங்கற பயம். ஒரு ஸ்டேஷன்ல அப்படி வந்து நின்னதும் உண்டு, பேசிப் புரிய வச்சோம். நான் என்ன சொல்றேன்னா, கேமராவே வேணாம். நாப்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். இங்கிலாந்துல இயான் ஆலன்னு ஒருத்தர், சதர்ன் ரயில்வே ஆபீஸ்ல வேலை பாத்தவர். எஞ்சினைப் பத்தி ஜனங்க எழுதிக் கேட்கிற கடுதாசிக்கெல்லாம் பதில் எழுதி எழுதி அலுத்துப்போய், 1942-ல எஞ்சின் நம்பர்களை ஒரு சின்னப் புத்தகமாப் போட்டார். அதை வச்சுக்கிட்டு பிளாட்பாரக் கோடியில நின்னு, பாத்த நம்பரை அடிக்கோடு போட்ட பள்ளிக்கூடப் பசங்க அங்க ஒரு தலைமுறையே உண்டு. அவங்க கையில இருந்தது பென்சில்தான்.

(தண்டவாளத்துல இறங்கி நிக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உயிர் போறது ஒரு பக்கம். 1989 ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி அது அத்துமீறல், ஆறு மாசம் வரைக்கும் உள்ளே போகலாம்.)

இந்த எட்டு பேர் போனா என்ன, மூணு பேர் போதுமேன்னு கேக்கலாம். போதாது. ஏன்னா மூணு பேருக்கும் தெரிஞ்சது புத்தகத்துல இருக்கறது. நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூருக்கு 1861-லயே ரயில் வந்துடுச்சு, 1862-ல திருச்சி, அதுவும் அகலப்பாதையா. அப்புறம் 1875-ல அதைப் புடுங்கி மீட்டர்கேஜ் ஆக்கினாங்க. நூறு வருஷத்துக்கு மேல அப்படியே ஓடிட்டு, தொண்ணூறுகளோட கடைசியில இருந்து மறுபடி அகலப்பாதை! இதை நான் சொன்னாத்தான் தெரியும்னு இல்ல, படிச்சா யாருக்கும் கிடைக்கும். மயிலாடுதுறை – விழுப்புரம் பாதை அகலமாகித் திறந்தது 2010-ல. அதுவும் கிடைக்கும். ஆனா அந்த மீட்டர்கேஜ் வண்டியில உக்காந்து போனது எப்படி இருந்துச்சு? அது அந்த எட்டு பேர்கிட்டதான் இருக்கு.

பொதுவா "எல்லாரும் பேசுங்க, கலந்துக்குங்க"ன்னு சொன்னா ஒருத்தரும் பேசமாட்டாங்க. நான் அதைப் பல தடவை சொல்லிப் பாத்தாச்சு. கல்யாணப் பந்தியில "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க"ன்னு மைக்ல சொல்ற மாதிரி அது, யார் காதுலயும் விழாது. இலைக்கு முன்னாடி நின்னு "உங்களுக்கு ரசம் ஊத்தட்டுமா"ன்னு கேட்டாத்தான் கை நீளும்.

அப்படித்தான் இந்த வருஷம் ஆரம்பிச்சேன். எட்டு மாசமா "வணக்கம்", "சரிங்க" ரெண்டைத் தவிர வேற வார்த்தை பேசாத ஒரு பெரியவர். அவர்கிட்ட, "ஐயா, மாயவரத்துல இருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடுச்சே, அதுல போயிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். அந்தப் பாதை எண்பதுகள்ல நின்னு போச்சு. பெரியவர் கையில இருந்த டீ ஆறிப்போச்சு. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார்னு ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கி இறங்கி ஏறினார். திருக்கடையூர்ல அத்தை வீடாம். சின்ன வயசுல அத்தை வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் உக்கார அண்ணனோட சண்டை. வண்டி போற வேகத்துல வயல்ல நிக்கற ஆளோட வெத்தலை பாக்கு பேரமே பேசி முடிச்சிடலாம்னு அவங்க அப்பா கிண்டல் பண்ணுவாராம். முக்கா மணி நேரம் பேசினார். நடுவுல எங்களுக்குப் பிடிச்ச வண்டி ஒண்ணு வந்து போச்சு. யாரும் நம்பர் குறிக்கலை.

அடுத்தது மளிகைக்கடை அண்ணன். அவங்க அப்பா மெயின் லைன்ல பாயிண்ட்ஸ்மேன். ஒற்றைப்பாதையில ரெண்டு வண்டி எதிரெதிர வந்துடக்கூடாதுன்னு டோக்கன் முறை உண்டு. ஒரு இரும்பு உருண்டை, அதைப் போட்டு வைக்க தோல் பை, பையைக் கோத்த பெரிய வளையம். அந்த உருண்டை கைக்கு வந்தாத்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். நிக்காத வண்டின்னா ஓட்டத்துலயே வளையத்தை மாத்திக்கணும். "எங்கப்பாவுக்கு முழங்கைக்குக் கீழ எப்பவும் ஒரு கன்றிப்போன தடம் இருக்கும் தம்பி. அம்மா ராத்திரி எண்ணெய் தடவி விடும். வளையம் வந்து அடிச்சதுன்னு எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது"ன்னார். நம்ம எஞ்சின் புலி அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. டோக்கன் கருவி எப்படி வேலை செய்யும்னு அவருக்கு அக்குவேறா ஆணிவேறா தெரியும். அந்தத் தடத்தைப் பத்தித் தெரியாது.

அரியலூர் பேரைச் சொன்னா ரயில் ஆட்களுக்கு 1956 நவம்பர் 23 ஞாபகம் வராம இருக்காது. மருதையாத்து வெள்ளத்துல பாலத்துப் பக்கம் பாதை அரிச்சுப்போய், சென்னையில இருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடிகாலையில கவுந்துச்சு. 140 பேருக்கும் மேல செத்துப்போனாங்க. ரயில்வே அமைச்சரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேத்துக்கிட்டு ராஜினாமா செஞ்சார். ராஜினாமா கதை எல்லாருக்கும் தெரியும், பரீட்சையிலகூட கேப்பாங்க. அன்னைக்குக் காலையில ஆத்தங்கரை கிராமத்துல இருந்து ஓடிப்போனவங்க என்ன பாத்தாங்க? அப்போ பத்து வயசுப் பையனா இருந்தவருக்கு இப்போ எண்பது கிட்ட. எத்தனை ஞாயித்துக்கிழமை பாக்கி இருக்குன்னு கணக்குப் போட்டா வயித்தைக் கலக்குது.

ஆர்வலர்களால என்ன பெருசா ஆகும்னு கேக்கறவங்களுக்கு வேல்ஸ்ல நடந்ததைச் சொல்வேன். டாலிலின்னு ஒரு குட்டி ரயில், கற்பலகை ஏத்தறதுக்குப் போட்டது. 1950-ல முதலாளி இறந்ததும் மூடற நிலைமை. டாம் ரோல்ட்னு ஒரு எஞ்சினியர், எழுத்தாளரும்கூட, பர்மிங்காம்ல ஒரு கூட்டம் போட்டார். 1951 மே மாசம் ஆர்வலர்களே வண்டியை ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. உலகத்துலயே அப்படி நடந்த முதல் ரயில் அதுதான். எனக்கு அதுல பிடிச்சது, எல்லாரும் எஞ்சின் ஓட்டலைங்கறது. புல் புடுங்க ஆள், டிக்கெட் கிழிக்க ஆள், பெயின்ட் அடிக்க ஆள். 'தாமஸ்' எஞ்சின் கதை எழுதின ஆட்ரி பாதிரியார் அங்க போய் கார்டு வேலை பாத்திருக்கார். வந்தவனுக்கெல்லாம் கையில ஒரு வேலை கொடுத்திருக்காங்க.

நம்மகிட்ட ஓட்டறதுக்கு ரயில் இல்ல. ஆனா வேலை இருக்கு. இப்ப எங்க கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. பெரியவர் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்வார், மளிகைக்கடை அண்ணன் தேதி போட்டு நோட்டுல எழுதுவார் (கணக்கு எழுதற கை, அழகா இருக்கு). புலிக்கு புது ஆளுக்கு ஷெட் பேர் சொல்லிக்கொடுக்கற வேலை, நேரம் அஞ்சே நிமிஷம், கையில கடிகாரத்தோட ஒருத்தர் பக்கத்துல நிப்பார் :-) தினம் சிதம்பரத்துல இருந்து ரயில்ல வேலைக்குப் போற ஒரு டீச்சரம்மா போன மாசம் முதல் தடவையா வந்தாங்க. லேடீஸ் கோச்சுல எந்த வண்டியில இடம் கிடைக்கும், எந்தக் கிழமை கிடைக்காதுன்னு அவங்க சொன்ன கணக்கு ரயில்வேகிட்டயே இருக்குமான்னு சந்தேகம்.

நாலா இருந்தது இப்ப ஏழு. எங்க மூணு பேரையும் சேத்தா மறுபடி பத்து. காலேஜ் பொண்ணோட அப்பாவுக்கு போன் போட்டிருக்கேன், பாப்போம்.

அடுத்த சந்திப்பு அரியலூர்ல. இந்தத் தடவைக்கான கேள்வியை முன்கூட்டியே சொல்லிடறேன், வர்றவங்க வீட்ல பெரியவங்களைக் கேட்டுக்கிட்டு வாங்க: உங்க வீட்டுல முதல் முதலா ரயில் ஏறினது யாரு, எந்த ஸ்டேஷன்ல, எதுக்காக? எங்க வீட்ல எங்க அப்பாயி. பாட்டியம்மா போனது எதுக்குன்னு அங்க வந்து சொல்றேன். ரயில் ஏறப் போறதுக்கே மீன்சுருட்டியில இருந்து ஒரு ராத்திரி மாட்டுவண்டிப் பயணம் இருக்கு அதுல.