வயசா, கவரா? சாக்பீஸ் கோடு சொன்ன பதில்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் சின்னதுதான். கார் ஸ்டீயரிங்குக்கு மேலே மாட்டும் கவர், அளவு சேராமல் தொளதொளவென்று சுற்றியது, கைக்கும் வழுக்கியது. அதை ரூ.150-க்குள் சரி செய்த கதை. "இதுக்குப் போய் டீச்சர் இவ்வளவு எழுதறாங்களே" என்று தள்ளிவிடாதீர்கள். உங்களில் பலர் வீட்டுக் காரில் இந்த மாதிரி கவர் இருக்கிறது. கடைசி வரை படித்துவிட்டு, போய் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுச் செய்தி உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல்லுக்குப் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்குவது முடியாத காரியம். ஓய்வு பெற்ற பிறகு நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியபோது சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த லைசென்ஸும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆல்ட்டோவும்தான் எங்கள் இருவருக்கும் கை கால்.

அந்தக் கார் வரும்போதே கவரோடுதான் வந்தது. கறுப்பு ரெக்சின், ஓரத்தில் சிவப்புத் தையல். பார்க்க அழகு. இந்த வெயில் காலத்தில் அது ஒரு மாதிரி ஆகிவிட்டது. திருப்பத்தில் நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் கவர் மட்டும் என் கையோடு திரும்பும். அப்புறம்தான் ஸ்டீயரிங் வரும். ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் எதிரே டவுன் பஸ் வரும்போது அந்த ஒரு நொடி பெரிசு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பும்போது இப்படி நடந்தது. மெதுவாகத்தான் போனேன், பிரேக் போட்டு நிறுத்திவிட்டேன். பின் சீட்டில் இருந்த அண்ணன் மகன் பயந்துவிட்டான். அன்றைக்குச் சாயங்காலமே குடும்ப குரூப்பில் செய்தி பரவிவிட்டது. "அத்தை, வயசாயிடுச்சு, கையில முன்ன மாதிரி பிடி இல்லை. இனி ஓட்ட வேண்டாம். ஆக்டிங் டிரைவர் போட்டுக்கலாம்." எல்லோரும் அன்பில் சொன்னதுதான். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள், அரை நாள் கூலி என்று கணக்குப் போட்டால், பென்ஷனில் மருந்துச் செலவு போக மிஞ்சுவதில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். அதைவிட, நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரம் போய்விடும்.

வயசைப் பற்றி அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 40 வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 55-க்கு மேல் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சட்டமே நம் வயசைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. என் கை தளர்ந்துவிட்டது என்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுவேன். ஆனால் தளர்ந்தது என் கையா, அந்தக் கவரா? இரண்டு காரணம் கலந்து கிடக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்றுதானே உங்களுக்கு அறிவியல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன்? அதை எனக்கே செய்து பார்த்தேன்.

வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்! ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது கவரின் மேலிருந்து, உள்ளே வரும் கம்பி வரைக்கும் ஒரே கோடாக இழுத்தேன். கவரில் பாதிக் கோடு, கம்பியில் பாதிக் கோடு. வழக்கம்போல நாமக்கல் போய்த் திரும்பி வந்து பார்த்தால், இரண்டு கோடுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. கை வழுக்கியிருந்தால் கோடு நகர்ந்திருக்காது. கவர் சுற்றினால்தான் நகரும். அடுத்த நாள் கவரைக் கழற்றிவிட்டு, வெறும் ஸ்டீயரிங்கோடு ஊர்ப் பள்ளி மைதானத்தில் நாலு சுற்று ஓட்டினேன். பிடி நன்றாகவே இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

இதில் இரண்டு பிடி இருக்கிறது. கைக்கும் கவருக்கும் நடுவே ஒன்று. கவருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒன்று. எட்டாம் வகுப்பில் படித்த உராய்வுதான். இரண்டில் எது பலவீனமோ அது முதலில் வழுக்கும். நாம் கையைத்தான் குறை சொல்வோம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது கை. கவருக்கு அடியில் நடப்பது தெரியாது.

என் காரில் இரண்டு பிடியும் கெட்டிருந்தன. கவரைக் கழற்றிப் பார்த்தபோது ஸ்டீயரிங் முழுக்க எண்ணெய் மாதிரி ஒரு பளபளப்பு. டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷை முன்பு யாரோ இதற்கும் தாராளமாகத் தடவியிருக்கிறார்கள். கவரின் உள்பக்கத்து ரப்பர் வெயிலில் காய்ந்து, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிட்டது. மேல் ரெக்சினில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் படிந்து வழவழப்பு. இத்தனைக்கும் மேலே அளவே சரியில்லை.

அளவை நூலால் எடுத்தேன். வெறும் ஸ்டீயரிங்கின் வெளிச்சுற்றளவு 116 செ.மீ. கவரின் உள் பள்ளத்தில் நூலை ஓட்டிப் பார்த்தால் 120 செ.மீ. நான்கு செ.மீ. தொளதொளப்பு! "எல்லா காருக்கும் சேரும்" என்று விற்கிறார்களே, அந்த இடத்தில்தான் விஷயம். விட்டத்தில் 1 செ.மீ. கூடினால் சுற்றளவில் 3.14 செ.மீ. கூடிவிடும். 37 செ.மீ. சக்கரத்துக்கு 38 செ.மீ. கவர் என்றால் "ஒரு சென்டிமீட்டர்தானே" என்று தோன்றும். கையில் வரும்போது மூன்று மடங்குக்கு மேல்.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டு நம் மாணவன் ஒருவனைத் தேடிப் போனேன். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் பக்கம் குஷன் வேலைக்குப் போனவன். இப்போது சொந்தமாகக் குஷன் கடை வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. எனக்கு இன்னும் "அவன்"தான்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே" என்றான். கவரைத் திருப்பி, உள்பக்கம் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். ஸ்டீயரிங்கை ஒரு பிடி பிடித்துப் பார்த்தான்.

"புதுசு வாங்கிடலாமா கண்ணு?"

"எதுக்குங்க டீச்சர்? மேல் ரெக்சின் கிழியலைங்க. அடியில மேட் கொடுத்து, மூணு சென்டி வெட்டித் தைச்சா போதுங்க."

"நாலு சென்டி லூசு இருக்கு. மூணு போதுமா?"

"மேட்டும் கொஞ்சம் எடத்தப் புடிக்குமுங்க டீச்சர்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பையில் இருந்த நோட்டில் கணக்குப் போட்டேன். மேட்டின் கனம் 2 மி.மீ. அது இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டத்தை 4 மி.மீ. கூட்டும். சுற்றளவு 0.4 x 3.14, ஏறக்குறைய 1.25 செ.மீ. கூடும். நான்கில் அதைக் கழித்தால் 2.75. அவன் சொன்ன மூன்று செ.மீ. என்பது கால் செ.மீ. இறுக்கம் வைத்து வெட்டும் கணக்கு! நோட்டை அவனிடம் காட்டினேன். "அப்படிங்களா டீச்சர்? எனக்கு கைப்பழக்கமுங்க" என்று சிரித்தான். நான் சூத்திரம் போட்டுக் கண்டதை அவன் கட்டைவிரல் முன்பே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இவனுக்குக் கணக்கு வராது என்று எழுதிய ரிப்போர்ட் கார்டுகள் பல உண்டு. அவனுக்கு வந்த கணக்கைக் கேட்க நம் கேள்வித்தாளில் இடமில்லை, அவ்வளவுதான்.

அவன் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டிலேயே செய்யலாம்.

1. முதலில் சுத்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஸ்டீயரிங்கைத் துடைக்க வேண்டும். ஹாரன் பக்கம் தண்ணீர் இறங்கக்கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, பிறகு காய்ந்த துணி. கவரையும் உள்ளும் புறமும் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். பாதி வழுக்கல் இதிலேயே போய்விடும். இதற்குச் செலவே இல்லை.

2. பிரிட்ஜ் தட்டிலும் பாத்திர அலமாரியிலும் விரிக்கிறோமே, வலை மாதிரி ரப்பர் மேட், அதை ஸ்டீயரிங்கின் வெளிப்பக்கத்து அகலத்துக்குப் பட்டையாக வெட்டிச் சுற்றிலும் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடம் மேடாகும். நகராமல் இருக்க நான்கைந்து இடத்தில் நூலால் ஒரு கட்டு.

3. கவரை ஒரே இடத்தில் குறுக்கே வெட்டி, வேண்டாத நீளத்தை எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் குத்தூசியும் மெழுகு நூலும் வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். செருப்புத் தைக்கும் நூல் போதும். வீட்டுத் தையல் நூல் ஒரு வாரம் தாங்காது. தையல் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வருகிற மாதிரி மாட்டினால் கையில் உறுத்தாது.

4. மாட்டுவதற்கு முன் கவரை ஒரு கால் மணி நேரம் வெயிலில் போட வேண்டும். நம் ஊரில் அதற்கு மட்டும் குறைவே இல்லை. இளகியதும் உச்சியில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டே வந்து அடியில் முடிக்க வேண்டும். மேலே ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. எளிதாக ஏறிவிட்டால் அது தொளதொளப்பு. கொஞ்சம் மல்லுக்கட்டி ஏறினால்தான் சரியான அளவு.

மேட் ஒரு சுருள் ரூ.110, கால்வாசிகூட ஆகவில்லை, மீதி என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. நூல் ரூ.25. கூலி வாங்க மாட்டேன் என்றான். "உழைப்புக்குக் கூலி வாங்காம போனா உன் பிள்ளைங்களுக்கு நீ என்ன சொல்லிக் கொடுப்பே?" என்று கேட்ட பிறகு, "அப்பன்னா டீக்குக் காசு கொடுங்க டீச்சர்" என்று பத்து ரூபாய் வாங்கிக்கொண்டான். மொத்தம் ரூ.145.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். உடனே ஒட்டும் பசையை ஊற்றாதீர்கள். ஓரிடம் ஒட்டி ஓரிடம் விடும், பிறகு ஸ்டீயரிங்கே பாழ். கவர்மேல் கவர் போடாதீர்கள். துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். வெயிலுக்கு மூடி வைத்தால் கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். நடுப்பகுதியை எதைக் கொண்டும் மூடாதீர்கள். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவர் பக்கத்து ஏர்பேக் கட்டாயம். அது அந்த நடுப்பகுதியிலிருந்துதான் விரியும். ஸ்டீயரிங்குக்குப் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் கவரைக் கழற்றிவிடுங்கள். கவர் இல்லாத ஸ்டீயரிங் ஒரு குறையும் இல்லை. ஆடுகிற கவரைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சரி செய்து மூன்று வாரம் ஆகிறது. புதிதாகச் சாக்பீஸ் கோடு போட்டு ஆறு தடவை நாமக்கல் போய் வந்துவிட்டோம். கோடு இம்மியும் நகரவில்லை. அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அண்ணன் மகன், "சரிங்க அத்தை, ஆனா கண் டெஸ்ட் மட்டும் வருஷா வருஷம் எடுத்துக்கோங்க" என்று எழுதினான். ஒப்புக்கொண்டேன். அது நியாயம்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவுக்கும் வயசாகிறது. டம்ளர் கை நழுவினாலும், படியில் கால் இடறினாலும், போனில் பேசுவது கேட்கவில்லை என்றாலும் "வயசாயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். வயசும் காரணமாக இருக்கலாம். டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், படியில் வெளிச்சம் இல்லாமல் இருக்கலாம், போனின் ஸ்பீக்கரில் தூசி அடைத்திருக்கலாம். முதலில் பொருளைச் சோதியுங்கள், பிறகு ஆளைச் சோதியுங்கள். பொருளை மாற்ற நூறு இருநூறு ரூபாய் போதும். ஒருவர் கையிலிருந்து சாவியை வாங்கிவிட்டால், திருப்பிக் கொடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நாளைக்கு எத்தனை விரற்கடை நகர்ந்தது என்று கீழே எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்