டேனியர் ஊருக்கு ஒரு பயணத் திட்டம்

ஆன்டர்சன் பிறந்த ஓடென்ஸ் நகரைப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வாசிப்புக் குழுவின் நெடுநாள் பேராசை. விமானக் கட்டணத்தை ஒருமுறை விசாரித்ததோடு அது அடங்கிற்று. மாற்றாகத் தரங்கம்பாடியைத் தேர்ந்தோம். மாற்று என்பதும் பிழைதான். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலை எழுதி அனுப்பி, டேனியருக்குத் திறந்துவிட்ட ஊர் அது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டது. 1835இல் ஆன்டர்சனின் முதல் தேவதைக் கதைகள் அச்சேறியபோது, அவர் நாட்டுக் கொடிதான் டேன்ஸ்பர்க் கோட்டையிலும் பறந்தது.

திட்டமிடக் கூடிய இடம் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் மடம் உள்ள ஊர். எங்களில் மூத்தவரான நயினார், எண்பதைக் கடந்தவர், அங்கே வசிக்கிறார். பார்சுவநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். திண்டிவனத்தில் விடியுமுன் புறப்பட்டு, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியே சென்று, இரவு பத்துக்குள் திரும்புவதாகக் கணக்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "பொழுது சாயறதுக்குள்ள எங்கே சாப்பிடறதா உத்தேசம்?" என்றார்.

எங்களுக்கு முகம் வாடிவிட்டது. சூரியன் மறைந்தபின் அவர் உண்பதில்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்ப்பதில்லை. அது எங்களுக்குத் தெரியாததன்று. அவர் வருவார் என்றே நாங்கள் நினைத்திருக்கவில்லை. யோசனை கேட்க வந்தோமே தவிர, வண்டியில் அவருக்கு இடம் ஒதுக்கவில்லை.

அவர் வர விரும்பிய காரணம் பரணில் இருந்தது. பாட்டனார் காலத்து ஏட்டுக்கட்டுகள், அச்சுப் புத்தகம் வீட்டுக்கு வந்தபின் எவரும் தொடாமல் செல்லரித்துப் போயினவாம். தப்பியது நன்னூல் ஒன்றே. பவணந்தி எங்கள் சமயத்தார் என்று சொல்லும்போது குரலில் சிறிது மிடுக்கு. "ஏட்டைத் தின்ன அச்சு எப்படி இருந்துதுன்னு ஒரு தரம் பார்த்துடணும், ஒரு கண்ணு ஏற்கெனவே போச்சு" என்றார்.

நாங்கள் சீகன்பால்கு பக்கம் வழக்காடினோம். தமிழில் முதல் அச்சு அவருடையதன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. 1706இல் கரையிறங்கிய அவர், முதலில் தேடியவை ஏடுகளே. 1708இல் தாம் சேர்த்தவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். அதன் பின்னரே அச்சுக்கூடம். ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கவே, சிறியவற்றை இங்கேயே வார்த்துக்கொண்டனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாயிற்று.

"ஏட்டைத் தேடினவரே அச்சும் போட்டாரா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, ஏட்டுக்கட்டையும் கொண்டுவரட்டுமா என்றார். கடற்காற்று ஆகாது என்று தடுத்தோம். அவர் இணங்கியதாகத் தோன்றவில்லை.

ஒருநாள் பயணம் இருநாளாயிற்று. தை பிறந்தபின் புறப்பாடு. முதல்நாள் கோட்டையும், கடல் தின்றது போக எஞ்சிய மாசிலாமணிநாதர் கோயிலும். மறுநாள் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதனுள் சீகன்பால்கு கல்லறை, 2017இல் திறந்த அவர் பெயரிலான அருங்காட்சியகம். வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்த ஊர் என்பதால் அவருக்காகவும் ஒரு மணி நேரம்.

முதல்நாள் மாலை ஐந்தரைக்குள் அவருக்கேற்ற சாப்பாடு போட ஓர் இடம் மட்டும் இன்னும் அமையவில்லை. பொறையாறு பக்கம் தெரிந்தவர்களைக் கேட்டிருக்கிறோம்.