மொட்டைத் துரியோதனன்

தெருக்கூத்தில் துரியோதனன் தலையில் ஏறுவது மரக் கிரீடம். கல்யாணமுருங்கைக் கட்டையைச் செதுக்கி, ஜிகினாத் தாள் ஒட்டி, கண்ணாடித் துண்டு பதித்துச் செய்வார்கள். லேசான மரம்தான். ஆனாலும் புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடினால் வளர்ந்த ஆளுக்கே கழுத்து விண்ணென்று தெறிக்கும். செய்யாறு பக்கம் ஒரு சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூத்துச் சொல்லித்தரும் வாத்தியார், அதனால் அவர்களுக்குக் காகிதக் கிரீடம் போதும் என்று முடிவுகட்டியிருக்கிறார். அதையும் பிள்ளைகளே செய்ய வேண்டும்.

காலாண்டு விடுமுறையில் போயிருந்தேன். கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் புரிசை இந்த வட்டாரம்தான். கோடையெல்லாம் பாரதக் கூத்துக்கு ஊர் ஊராக அலைகிறவர்களுக்குப் புரட்டாசியில்தான் திண்ணையில் உட்கார நேரம் கிடைக்கும்.

வாத்தியார் வீட்டுத் திண்ணை முழுக்கப் பழைய செய்தித்தாள். கத்திரிக்கோல் கண்ணில் படவில்லை. “கிழிங்கடா, வெட்டாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெட்டிய விளிம்பு ஒட்டிய இடத்தில் வரப்பு மாதிரி மேடு தட்டும். கிழித்த விளிம்பில் நார் பிசிறி நிற்பதால் பக்கத்துத் துண்டோடு படிந்துவிடும்.

பசை, மைதா பசை. சுவரொட்டிக்குக் காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். “அது விஷம் சார். இதுங்க கை எந்நேரமும் வாயிலதான் இருக்கும்” என்று, வேப்பிலை வெந்த தண்ணீரில் காய்ச்சியிருந்தார். எட்டிப் பார்த்த ஆயா ஒருவர், “வெந்தயம் அரைச்சுப் போடேன்டா. முறம் மொழுவ நாங்க அதத்தான போட்டோம்” என்றார். காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டிக் கூடைக்கும் முறத்துக்கும் பூசுவதை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெந்தயத்தின் கொழகொழப்பு நன்றாகப் பிடிக்கும். கைவேலை என்றதும் தெர்மாகோல் வாங்கிவரச் சொல்லும் பள்ளிக்கூடங்கள் இந்த ஆயாவை ஒருநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

கவிழ்த்த மண்சட்டிதான் அச்சு. முதல் அடுக்குக்குப் பசை கிடையாது. வெறும் தண்ணீரில் நனைத்த தாள். இல்லாவிட்டால் சட்டியை விட்டுக் கழன்று வராது. அதன்மேல் தமிழ்ப் பத்திரிகை ஓர் அடுக்கு, ஆங்கிலப் பத்திரிகை ஓர் அடுக்கு, மாறி மாறி. எங்கே ஒட்டாமல் விட்டோம் என்பதை எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று நெடுக்கில் போனால் அடுத்தது குறுக்கில். நடுநடுவே நிழலில் காயவேண்டும். உச்சி வெயிலில் வைத்தால் மேலே மொறமொறத்து, உள்ளே ஈரம் நின்று, கோணிக்கொள்ளும். காயக் காத்திருப்பதுதான் பிள்ளைகளுக்கு ஆகாத காரியம். விரலால் அழுத்திப் பார்த்துப் பார்த்தே ஒரு பையன் தன் கிரீடத்தில் குழி போட்டுவிட்டான். அந்த நேரத்தை வாத்தியார் அடவுக்கு எடுத்துக்கொண்டார்.

பூவேலைக்குக் காகிதக் கூழ். பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மை செய்கிறவர்கள் பிசைவது போலவே கிழங்கு மாவும் சாக்பீஸ் மாவும் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தார். கொடியும் இலையுமாக உருட்டி ஒட்டினார்கள். ஒருத்தி மயில் என்று ஒட்டியது கோழியாக வந்தது, அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் அளவில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கூத்தில் கிறிக்கி உண்டு. சுழன்று சுழன்று வட்டமடித்து வரவேண்டும். அப்போது கிரீடம் அசையக் கூடாது. ஆகவே முதலில் தலைத்துணியை இறுக்கக் கட்டி, அதன்மேல் நூல் பிடித்து அளக்கிறார். வெறும் தலை 52 சென்டிமீட்டர் என்றால் துணியோடு 56 வரும். சட்டியையும் அந்த அளவுக்குத் தேடி எடுக்கிறார்.

இவ்வளவு பார்த்தும், அடுத்த வாரம் ஜிகினா ஒட்டும் நாளில் துரியோதனன் மொட்டையோடு வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பு. புரட்டாசியாயிற்றே, குடும்பத்தோடு திருப்பதி போய் இரட்டைச் சடையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கிரீடத்தை வைத்தால் மூக்கு வரை இறங்கியது. மற்ற பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். உள்விளிம்பில் இன்னும் நாலு அடுக்கு ஒட்டித்தரச் சொல்லி அவள் அழுதாள்.

“ஒட்டுனா பங்குனில ஆடறப்ப உன் தலை உள்ள போவாதுடி. அதுக்குள்ள முடி வந்துடும்” என்றவர், உள்ளே போய் ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். மொட்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, கிரீடத்தை வைத்து, “அடி கிறிக்கி” என்றார். அடித்தாள். கிரீடம் அசையவில்லை. நின்றதும், நெற்றியில் வைக்கிற பெரிய கண்ணாடி தனக்குத்தான் வேண்டும் என்று சண்டைக்குப் போனாள்.